வெந்நீர் அறைக்கு வந்த கப்பல் குழல்

அந்தக் குழல் இப்போது எங்கள் வீட்டுப் புறவாசலில் முருங்கை மரத்தடியில் நிற்கிறது. நல்ல கனத்த இரும்பு. கழுத்து ஒரு முழ உயரத்துக்கு நேராக இருக்கும். அதற்குமேல் வளைந்து, ஒரு சுளகு அகலத்துக்கு வாயைத் திறந்து வைத்திருக்கும். வெளியே அடித்திருந்த வெள்ளைச் சாயம் எப்போதோ உதிர்ந்துபோயிற்று. வாய்க்குள் அடித்திருந்த சிவப்பு மட்டும், வெயில் படாத மூலையில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. எங்கள் கோழி ஒன்று அதற்குள் முட்டையிடப் பழகியிருக்கிறது. போன வாரம் என் மகன் குளியலறைச் சுவரில் சதுரமாக ஓட்டை போட்டு, ஆவியை வெளியே இழுத்துத் தள்ளும் மின்விசிறி ஒன்றை மாட்டினான். விசையைத் தட்டியதும் அது உர்ரென்று சுற்றியது. சுவர் இனிமேல் வேர்க்காது, பாசி பிடிக்காது என்று ஒரு பிரசங்கமே செய்தான். அந்த உற்சாகத்திலேயே புறவாசலைக் கைகாட்டி, "அந்தப் பழைய இரும்ப எடைக்குப் போட்டுருவமாம்மா?" என்று கேட்டான்.

அவன் கேட்டதில் தப்பில்லை. அது என்ன, எப்படி இந்த வீட்டுக்கு வந்தது என்று நான் அவனுக்கு முழுதாகச் சொன்னதே கிடையாது. சொன்னால் என் குட்டும் சேர்ந்து வெளிப்பட்டுவிடும். எழுபது வயதுக்கு மேல் குட்டு உடைந்தால்தான் என்ன என்று இப்போது தோன்றுகிறது. ஆகவே எழுதுகிறேன்.

டெல்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்கு முடிசூட்டினார்களே, அந்தச் சமயம். நான் அம்பாசமுத்திரத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வாழ்க்கைப்பட்டு வந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியார். மாமனார் உபதேசியாராக இருந்து காலமாகிவிட்டார். வீட்டில் மாமியார் வைத்ததுதான் சட்டம். ஒரே நாத்தனார்; அவளைத் தூத்துக்குடியில் ஒரு சாரங்குக்குக் கொடுத்திருந்தார்கள். பெரிய கப்பல்கள் கரைக்கு வர முடியாமல் தூரக் கடலில் நிற்கும் அல்லவா, அங்கிருந்து சரக்குத் தோணிகளைக் கரைக்கு இழுத்து வரும் நீராவிப் படகுக்கு அவர் தலைமை ஆள். நாத்தனாரின் புருஷன் என்றால் எனக்கு முறைக்கு அண்ணன். கூடப்பிறந்த அண்ணன் இல்லாத எனக்கு அவர் அண்ணனாகவே இருந்தார்.

அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் மாமியார் மாப்பிள்ளையோடு நேருக்கு நேர் பேச மாட்டாள். முகம் காட்டவும் மாட்டாள். அவர் முன்கட்டில் உட்கார்ந்திருப்பார், இவள் நடுவாசல் கதவுக்குப் பின்னால் நிற்பாள், நான் இரண்டுக்கும் நடுவில் நிற்பேன். "சோறு இன்னும் கொஞ்சம் போடவான்னு கேளு" என்பாள். அவர் காதில் அது நன்றாகவே விழும். விழாதவர் மாதிரி என் முகத்தைப் பார்ப்பார். நான் கேட்பேன். "போதும் தங்கச்சி" என்பார். அது அவள் காதிலும் விழும். ஆனாலும் நான் திரும்பி, "போதுமாம் அத்தை" என்று சொன்ன பிறகுதான் கரண்டியைக் கீழே வைப்பாள். இரண்டு பேருக்கும் காது கேட்காது என்பதாக வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று பேரும் வருஷக்கணக்கில் இப்படி நடந்துகொண்டோம்.

நான் சொன்னதைச் சொன்னபடி சொல்லும் ரகமும் இல்லை. மாமியாருக்கு நாக்கு கொஞ்சம் நீளம். "மாப்பிள்ளைக்கு இப்பத்தான் வழி தெரிஞ்சுதான்னு கேளு" என்று அவள் குத்தினால், நான் "வழியெல்லாம் சௌகரியமாண்ணே" என்று கேட்டு வைப்பேன். அவரும் வாய்க்குள் சிரித்துக்கொண்டே, சௌகரியம்தான் என்பார். குடும்பத்தின் சமாதானமே என் நாக்கில்தான் இருக்கிறது என்று எனக்கு உள்ளூர ஒரு கர்வம்.

இனி வெந்நீர் அறை. புறவாசலை ஒட்டி, தாழ்வாக மட்டப்பாக் கூரை போட்ட சின்ன அறை. மூலையில் அடுப்பு, அதன்மேல் செம்பு அண்டா. அடுப்புக்குப் பனைமட்டையும் சிரட்டையும் போடுவோம். மற்ற நாளில் கதவைத் திறந்து வைத்துத் தண்ணீர் காய்ச்சிவிட்டு, நெருப்பு அணைந்தபின் குளிப்போம். பிரசவித்தவளுக்கு அப்படி இல்லை. வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டுக் கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் ஊற்ற வேண்டும். அடுப்பு எரிந்துகொண்டே இருக்க வேண்டும். கதவை இறுகச் சாத்த வேண்டும். பச்சை உடம்பில் காற்றுப் பட்டால் ஜன்னி கண்டுவிடும் என்பது வேதவாக்கு. நாத்தனாரின் முதல் பிரசவத்தில் மாமியார் கதவிடுக்கு, சுவர் வெடிப்பு, ஓட்டை, ஒன்று விடாமல் பழந்துணி திணித்து அடைத்தாள். நாத்தனாருக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. மூன்றாம் நாள் குளியலில் புகையும் ஆவியுமாக அவளுக்கு மூச்சு அடைத்து, கண் செருகி, அண்டா பக்கமாகச் சாய்ந்துவிட்டாள். நானும் மாமியாரும் ஆளுக்கொரு கை பிடித்து வெளியே இழுத்துப் போட்டோம். உதடு நீலம் பாரித்துக் கிடந்தவள் கண் திறக்க வெகுநேரம் ஆயிற்று. அதற்குப் பிறகு அவள் நெஞ்சு பழைய நெஞ்சாக இல்லை. மாடிப்படி நாலு ஏறினால் நின்று மூச்சு வாங்குவாள். பார்த்த வைத்தியர், இன்னொரு தரம் இப்படி ஆனால் தன்னைக் கூப்பிட வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மாமியார் அதற்குக் கண்டுபிடித்த காரணம் வேறு. எங்கேயோ ஒரு ஓட்டையை அடைக்காமல் விட்டுவிட்டோம், அதன் வழியே காற்று புகுந்துவிட்டது என்றாள். அதை மூடநம்பிக்கை என்று இப்போது சிரிப்பது சுலபம். அவளுடைய சொந்த அக்காள் தலைப்பிரசவத்தில் ஜன்னி கண்டு செத்துப்போனவள். குளிக்கும்போது யாரோ ஜன்னலைத் திறந்து வைத்ததுதான் காரணம் என்று சொல்லிச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். மகளைக் காப்பாற்றத்தான் அவள் துணி திணித்தாள்.

இரண்டாம் தரம் நாத்தனார் உண்டாகியிருந்தபோது, ஆனி மாதத்தில் ஒருநாள், ஸ்டேஷனிலிருந்து மாட்டுவண்டி பிடித்து அண்ணன் வந்து இறங்கினார். சாக்குச் சுற்றிய பெரிய உருப்படி ஒன்று கூடவே இறங்கியது. சாக்கை அவிழ்த்ததும் சிவப்பு வாய் தெரிந்தது. தெருப் பிள்ளைகள் அதைக் கிராமபோன் குழாய் என்று சொல்லிச் சுற்றிக்கொண்டு பாட்டு வைக்கச் சொன்னார்கள். உடைத்துப் போட்ட பழைய நீராவிப் படகு ஒன்றின் மேல்தட்டில் இருந்த காற்றுக் குழல் அது. கீழே இயந்திர அறையில் வேகிறவர்களுக்கு மூச்சு விட வழி அதுதானாம். அதை எங்கள் வெந்நீர் அறையின் மட்டப்பாவில் ஓட்டை போட்டு நிறுத்தப் போவதாக என்னிடம் சொன்னார்.

மாமியார் கதவுக்குப் பின்னால் வந்து நின்றாள். "வீட்டுக்கு வந்த மாப்பிள்ளை விருந்து சாப்பிட்டுட்டுப் போணும். வீட்ட இடிக்கக் கூடாதுன்னு சொல்லு."

"மொதல்ல சாப்பிடச் சொல்லுதாங்கண்ணே" என்றேன்.

அண்ணன் சாப்பிட்டார். சாப்பிட்டுவிட்டு, கை கழுவிக்கொண்டு, சண்டை போடாமல், என்னைப் பார்த்தபடியே கதவுக்குச் சொன்னார். அத்தை சொல்லுவதுதான் சரி, பிரசவித்தவள் மேல் காற்றுப் படவே கூடாது. இந்தக் குழல் காற்றை உள்ளே விடாது. வீசுகிற காற்றுக்கு இதன் முதுகைக் காட்டி வைத்தால், உள்ளே இருக்கிற புகையை உறிஞ்சி வெளியே விடும். கதவு சாத்தினபடியே இருக்கலாம். அத்தைக்கு இஷ்டமில்லை என்றால் இன்றைக்கே எடுத்துக்கொண்டு போய்விடுகிறேன். இவ்வளவும் சொல்லிவிட்டு அவர் குனிந்து உட்கார்ந்திருந்தார். கப்பல்காரர்களோடு கத்திக் கத்திப் பழகியவர், அன்றைக்குக் குரலை உயர்த்தவே இல்லை.

பிறகு, "வெளக்கு வச்சுப் பாப்போம்னு சொல்லு" என்றாள் மாமியார். என்ன பரீட்சை தெரியுமா? குழலை நிறுத்தி, அடுப்பை எரியவிட்டு, மகள் உட்காரப்போகும் மணைப்பலகையில் ஒரு அகல்விளக்கை ஏற்றி வைப்பாள். கதவைச் சாத்திவிட்டு இடுக்கு வழியாகப் பார்ப்பாள். சுடர் ஆடினால் குழல் வந்த வண்டியிலேயே திரும்ப வேண்டும். என் வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தத்தான் லாயக்கு, இப்படி ஒரு பரீட்சை அவருக்குத் தோன்றியிருக்காது.

கொத்தனாரை அழைத்து மட்டப்பாவை உடைத்து, இரும்பு வளையம் ஒன்றைப் பதித்து, சுற்றிலும் சுண்ணாம்பு பூசி இறுகவிட்டு, அதன்மேல் குழலைத் திருப்ப வாகாகத் தூக்கி நிறுத்த மூன்று நாள் ஆயிற்று. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, உங்கள் வெந்நீர் அறைக்குக் காது முளைத்திருக்கிறதே என்றாள். ஆனி மாதத்து மேற்குக் காற்று செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து மண்ணை வாரி வீசிக்கொண்டிருந்தது. குழலின் வாய் கிழக்கே பார்த்திருந்தது. அடுப்பை மூட்டினார்கள். உள்ளே இருந்த புகை, யாரோ கூப்பிட்டதுபோல, எழுந்து குழலுக்குள் போயிற்று. மணைப்பலகையில் விளக்கு ஆடாமல் எரிந்தது. மாமியார் இடுக்கிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. கடைசியில் நிமிர்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரி, இருக்கட்டும்" என்றாள். அதை மட்டும் நான் மாற்றாமல் போய்ச் சொன்னேன்.

ஊருக்குப் புறப்படும்போது அண்ணன் என்னை முன்கட்டில் நிறுத்தி வைத்துச் சொன்னார். "தங்கச்சி, இது கச்சான் அடிக்க காலம், காத்து மேக்கேருந்து வருது. ஐப்பசில கொண்டல் வந்துரும், கெழக்கேருந்து அடிக்கும். அப்ப வாய மேக்கப் பாத்துத் திருப்பிரணும். திருப்பாம விட்டா, போற புகையெல்லாம் திரும்பி உள்ளதான் எறங்கும். நான் கடல்ல கெடப்பேன். மறக்காம அத்தைட்டச் சொல்லிரு." ஐப்பசியில்தான் நாத்தனாருக்கு நாள்.

நான் சொல்லவில்லை. இதுதான் என் குட்டு. விளக்கு ஆடவில்லை என்பதை நம்பித்தான் மாமியார் சம்மதித்தாள். காற்று மாறினால் குழலே காற்றை உள்ளே கொண்டுவரும் என்று தெரிந்தால், அன்று சாயங்காலமே கொத்தனாரைக் கூப்பிட்டு ஓட்டையைப் பூசிவிடுவாள் என்று பயந்தேன். நாம் இருக்கிறோம், நாமே ஏணி வைத்து ஏறித் திருப்பிவிட்டால் போயிற்று என்று நினைத்தேன். எல்லாச் சொல்லையும் வளைத்துப் பழகினவளுக்கு ஒரு சொல்லை விழுங்குவது பெரிய காரியமாகத் தோன்றவில்லை.

மனிதர் ஒன்று நினைக்க நடப்பது வேறு. ஐப்பசி பிறந்ததும் என் அம்மா படித்துறையில் வழுக்கி விழுந்து காலை முறித்துக்கொண்டாள் என்று அம்பாசமுத்திரத்திலிருந்து ஆள் வந்தது. நாத்தனாருக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. பத்து நாளில் திரும்பிவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனேன். எட்டாம் நாள் காலையில் என் வீட்டுக்காரரிடமிருந்து ஒரு கார்டு வந்தது. தங்கைக்கு முந்தியே வலி கண்டு பெண் குழந்தை பிறந்திருக்கிறது, தாயும் சேயும் சுகம், வெள்ளிக்கிழமை முதல் தண்ணீர் ஊற்றப்போகிறார்கள் என்று எழுதியிருந்தார். அன்றைக்குத்தான் வெள்ளிக்கிழமை. கார்டைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தேன். எதிரே வாழைத்தோட்டத்தில் இலைகளெல்லாம் மலைப் பக்கமாகத் திரும்பி அடித்துக்கொண்டிருந்தன. முகத்தில் மழைத் தூற்றல் விழுந்தது. காற்று கிழக்கேயிருந்து வந்துகொண்டிருந்தது.

அம்மாவிடம் என்ன சொல்லிவிட்டுக் கிளம்பினேன் என்று நினைவில்லை. ரயிலில் உட்கார்ந்து ஜெபம் பண்ணப் பார்த்தேன்; 'ஆண்டவரே' என்பதற்கு மேல் வார்த்தை வரவில்லை. கல்லிடைக்குறிச்சி, சேரன்மாதேவி என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வண்டி நின்று நின்று போயிற்று. நீலம் பாரித்த அந்த உதடுதான் கண்முன்னால் நின்றது. இந்தத் தரம் அவளைக் கொல்வது புகையும் இல்லை, காற்றும் இல்லை, நான்தான் என்று ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது மனசில் முடிவாகிவிட்டது. ஸ்டேஷனில் இறங்கி, மாட்டுவண்டிக்காரனிடம் கெஞ்சி மாட்டை விரட்டச் சொன்னேன். வீட்டுக்கு முன்கட்டு வழியாகப் போகாமல், சந்துக்குள் இறங்கி நேரே புறவாசலுக்கு ஓடினேன்.

மட்டப்பாவின் மேல் குழல் மேற்கே பார்த்து நின்றது. சிவப்பு வாயிலிருந்து புகை ஒழுங்காக வெளியேறி மழைக்குள் போய்க்கொண்டிருந்தது. சுவரில் ஏணி சாத்தியிருந்தது. வெந்நீர் அறைக்குள்ளிருந்து, தண்ணீர் சுடுகிறது என்று நாத்தனார் சிணுங்கும் சத்தம் கேட்டது. அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டேன்.

கதவைத் திறந்துகொண்டு மாமியார் வெளியே வந்தாள். சேலை முழுக்க நனைந்திருந்தது. வலது முழங்கையில் தோல் உரிந்து, மஞ்சள் அப்பியிருந்தாள். உள்ளங்கையில் துருவும் விளக்கெண்ணெயுமாக இருந்தது. அவளே சொன்னாள்.

"காலைல தண்ணி ஊத்துமுந்தி வெளக்கு வச்சுப் பாத்தேன். வச்ச ஒடனே அணைஞ்சு போச்சு. பொகை கீழ எறங்குச்சு. அடைக்கணும்னு சாக்க எடுத்துக்கிட்டுத்தான் ஏறுனேன். மேல நின்னு யோசிச்சேன். எங்க அக்காவக் காத்து கொன்னுச்சுன்னு சொன்னாவ. நான் பாக்கல. இவ மூச்சு முட்டிக் கெடந்தத நான் பாத்தேம்லா."

"வாயத் திருப்பணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும் அத்தை?"

"ஏட்டி, நான் கதவுக்குப் பின்னாலதான நின்னேன்" என்றாள். "கண்ணுக்குத்தான் கதவு. காதுக்குமா கதவு போட்டிருக்கு?"

அப்படியானால் ஆனி மாதத்திலிருந்தே அவளுக்கு எல்லாம் தெரியும். காது கேட்காது என்று வைத்து வைத்து, கடைசியில் நானே அதை நம்பிவிட்டிருந்தேன். நான் சொல்வேன் என்று காத்திருந்திருக்கிறாள். நான் சொல்லவில்லை என்பதும் தெரியும். வருஷக்கணக்காக நான் அவள் சொல்லை வளைத்ததும், அவர் சொல்லுக்குச் சர்க்கரை தடவியதும் ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். கொத்தனாரையும் அவள் கூப்பிடவில்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது. அவளோ, சேற்றில் உட்கார்ந்தால் சேலையை யார் துவைப்பது என்று கேட்டுவிட்டு அடுத்த அண்டாத் தண்ணீருக்குப் போய்விட்டாள்.

பதினைந்து நாள் கழித்து அண்ணன் வந்தார். சந்து வழியாக வரும்போதே மட்டப்பாவைப் பார்த்திருக்க வேண்டும். முன்கட்டில் உட்கார்ந்ததும், "திருப்பிட்டியே தங்கச்சி" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான் இல்லை, அத்தைதான் மழையில் ஏறித் திருப்பினார்கள் என்றேன். அவர் சிரிப்பு நின்றுவிட்டது. குழந்தையைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தேன். நாத்தனார் நடுவாசலில் வந்து நின்றாள்; நடந்துதான் வந்தாள், மூச்சு வாங்கவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து மாமியார் குரல் வந்தது.

"எம் மகள எனக்கு ரெண்டாந்தரம் குடுத்திருக்காவன்னு சொல்லு."

அதில் வளைக்க ஒன்றுமில்லை, சர்க்கரை தடவ ஒன்றுமில்லை. அப்படியே சொன்னால் போதும். வாயைத் திறந்தேன், சத்தம் வரவில்லை. மாமியார் கதவுக்குப் பின்னால் காத்து நின்றாள். அண்ணன் என் முகத்தைப் பார்த்தார். பிறகு முதல் தடவையாக என்னை விட்டுவிட்டு, கதவைப் பார்த்துத் திரும்பினார்.

"கேட்டுச்சு அத்தை" என்றார்.

கதவு அசையவில்லை. "காப்பி ஆறுதுன்னு சொல்லு" என்றாள் மாமியார். நான் சொன்னேன். அவரும் என்னைப் பார்த்து, "குடிக்கேன் தங்கச்சி" என்றார். அதற்குப் பிறகு அவர்கள் இரண்டு பேரும் சாகும்வரை நேரே பேசிக்கொண்டதில்லை. நடுவில் நான்தான் நின்றேன். ஆனால் அன்றிலிருந்து சொன்னதைச் சொன்னபடியே சொன்னேன். குத்தலானாலும் சரி. சண்டை ஒன்றும் வந்துவிடவில்லை.

அந்த வெந்நீர் அறையை இடித்துக் கட்டியபோது குழலைக் கீழே இறக்கினோம். அண்ணனும் மாமியாரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அன்று பிறந்த பெண் வள்ளியூரில் பேரன் பேத்தி எடுத்திருக்கிறாள். என் மகனின் விசிறிக்குக் கச்சான் எது, கொண்டல் எது என்று தெரிய வேண்டியதில்லை. விசையைத் தட்டினால் எந்தக் காற்றிலும் சுற்றுகிறது. யாரும் ஏணி ஏற வேண்டாம், முழங்கையில் தோல் உரிய வேண்டாம். நல்ல காரியம்தான், குறை சொல்ல எனக்கு மனசில்லை. நானும் தினமும் அதைப் போட்டுக்கொண்டுதான் குளிக்கிறேன்.

இன்று காலையில் முகத்தில் தூற்றல் விழுந்தது. முருங்கை இலைகள் மேற்கே சாய்ந்து ஆடின. புறவாசலுக்குப் போய்க் கோழியை விரட்டிவிட்டு, இரண்டு கையாலும் குழலைப் பிடித்து, பையப் பைய அதன் வாயை மேற்கே திருப்பி வைத்தேன். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் சொல்லியிருக்க வேண்டியதை அப்போதுதான் சொன்னேன்.

"கொண்டல் வந்துட்டு அத்தை. வாயத் திருப்பணுமாம்."

விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்த மகன் குளியலறை ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "யார்ட்டம்மா பேசுதிய?" என்றான். எடைக்குப் போட வேண்டாம் என்று மட்டும் அவனிடம் சொல்லிவிட்டு உள்ளே வந்தேன்.